சின்னப்பிள்ளைத்தனம்

கம்பளித் தொப்பி போட்டிருந்த நோயியல் டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். ஸ்லைடில் பெயர் இல்லை, எண் மட்டும்தான்.

"சந்தேகமே இல்ல. மூளைக் கட்டியிலேயே ரொம்பப் பொல்லாதது. இந்த ஆளுக்கு ஒரு வருஷம் தாண்டாது."

"கொஞ்சம் பொறுங்க சார். மரபணு ரிப்போர்ட் இப்ப வந்துடும்" என்றார் மரபணுப் பிரிவு டாக்டர்.

"முப்பது வருஷமா இந்தக் கண்ணு பொய் சொன்னதில்ல, டாக்டரம்மா. உங்க மெஷின் போன வருஷம் வந்தது."

"நீங்க தோத்துட்டா?"

"எல்லார் முன்னாடியும் உங்க மெஷினுக்கு ஒரு கும்பிடு போடறேன்."

ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார்.

"சார், இது சின்னப்பிள்ளைங்களுக்கு வர்ற வகை. எப்பவாவது பெரியவங்களுக்கும் வரும். பார்க்கத்தான் பொல்லாதது மாதிரி இருக்கும், வளர்றது ஆமை வேகம். ஆபரேஷன்லயே முழுசா எடுத்தாச்சு. அதோட சரி."

நோயியல் டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மெஷின் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

"தோத்ததுக்கா சார் இவ்வளவு சந்தோஷம்?" என்றாள் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். மழித்த பின்மண்டையில் புதுத் தழும்பு.

பிறகு மனைவிக்குப் போன் போட்டார். "கேட்டியா? சின்னப்பிள்ளைங்களுக்கு வர்றதாம்!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"உங்க தலைக்குள்ள இருக்கறது சின்னப்பிள்ளைத்தனம்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன். அதுக்கு ஒரு மெஷின் வேணுமா?"