கிளிப்பச்சை சுடிதார்

"கத்திரியை எடுங்க அண்ணாச்சி."

சுடலைமணியின் தையல் கடைக்கு முதல் சாயாகூட வந்து சேரவில்லை. அதற்குள் பொன்மணி வந்து நின்றாள். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு ரஜிதா.

உட்கார்ந்திருந்தவர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எதுக்கு?"

"எதுக்கா? ஓணம் வந்தாச்சு. கொடுத்த வாக்கு மறந்து போச்சா?"

மட்டாஞ்சேரியில் அந்தத் தெருவுக்கே தெரிந்த சண்டை இது.

போன வருஷம் பொன்மணிக்கு சுகர் ஏறி, டாக்டர் இன்சுலின் ஊசி வரைக்கும் பேசிவிட்டார். பயந்து போனவள் நடையாய் நடந்தாள், சோற்றைக் குறைத்தாள், டாக்டர் சொன்ன எடைக்கு வந்தே விட்டாள். ஊசி தப்பியது. "இறக்கினது பெருசில்லை, இப்படியே வச்சுக்கணும். ஏறினா ஊசிதான்" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

அந்த சந்தோஷத்தில், போன ஓணம் சமயத்தில், தொளதொளவென்று ஆகிப்போன சுடிதார்களை அள்ளிக்கொண்டு சுடலைமணியிடம் வந்தாள். எல்லாவற்றையும் பிடித்துத் தைத்துக் கொடுத்த மனுஷன், கிளிப்பச்சை டாப்பை மட்டும் கொடுக்கவில்லை.

"இது இங்கயே கிடக்கட்டும். மெலிஞ்சவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். கொஞ்ச நாள்ல பிரிச்சு விடச் சொல்லி வந்து நிப்பாங்க. அடுத்த ஓணத்துக்கும் நீ இப்படியே இருந்தா, உன் கண்ணு முன்னாடி இதை வெட்டிப் போடுதேன்."

சொன்னதோடு விட்டாரா? அதை ஹேங்கரில் கோத்து, கடை முகப்பில் தெருவைப் பார்க்க மாட்டினார். மற்ற கடைகள் சாவகாசமாகத் திறக்கிற தெருவில், இவர் மட்டும் பொன்மணி நடக்கக் கிளம்புகிற நேரத்துக்குக் கடையைத் திறந்து, டாப்பைத் தொங்க விட்டுவிடுவார். இப்படியும் ஒரு வீம்பா என்று தெருவே முகம் சுளித்தது.

பொன்மணி அவரோடு பேச்சை நிறுத்தினாள். தீபாவளித் துணியைக்கூட படகேறி அக்கரைக்குப் போய், பிராட்வே கடைத்தெருவில் தைக்கக் கொடுத்தாள்.

ஆரம்பத்தில் பார்க்கிறவர்களெல்லாம் "எப்படி மெலிஞ்சே?" என்று கேட்டார்கள். பிறகு கேட்க ஆளில்லை. இனி நடந்து என்ன ஆகப்போகிறது என்று படுக்கையிலேயே புரண்ட காலைகள் உண்டு. வீட்டுக்காரர் எண்ணெய் வழியும் பழம்பொரிப் பொட்டலத்தை நீட்டிய சாயங்காலங்களும் உண்டு. அப்போதெல்லாம் அந்தக் கிளிப்பச்சை கண்ணுக்குள் வந்து ஆடும். 'அந்த ஆளு சொன்னது பலிக்கக் கூடாது' என்று எழுந்துவிடுவாள்.

இன்றைக்கு அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"போன வருஷம் நீங்க பிடிச்சுத் தச்ச டாப்தான் போட்டிருக்கேன். எங்கயாவது இறுக்குதா பாருங்க."

"இறுக்கமே இல்ல சேட்டா, லூஸாக்கும். சேச்சி ஜெயிச்சாச்சு," என்றாள் ரஜிதா.

சுடலைமணி கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். பெரிய கத்திரியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நீயே எடுத்து நீயே வெட்டு."

ரஜிதா வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினாள். பொன்மணி எட்டி ஹேங்கரைக் கழற்றித் திருப்பினாள்.

முன்பக்கம் இருந்தது. பின்பக்கம் இல்லை.

"என்ன அண்ணாச்சி, பாதியைக் காணோம்?"

"வெட்டியாச்சு."

"எப்போ?"

"போன ஓணத்துக்கே. நீ கொண்டாந்து போட்ட அன்னைக்கே."

சுடலைமணி எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில், ஒரு வருஷ பாரத்தில் நசுங்கிப்போய், கிளிப்பச்சையில் ஒரு குஷன்.

"இது உனக்கு இனிமே வேண்டியிருக்காதுன்னு அன்னைக்கே தெரியும். நல்ல துணி, வீணாக்குவானேன்?"

பொன்மணி குஷனைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிறகு எதுக்கு அப்படிப் பேசுனீங்க? உங்களை நான் என்னவெல்லாம் ஏசியிருக்கேன்."

"மெச்சிப் பேச ஊரே இருந்துச்சு. அவங்க ஓய்ஞ்ச பிறகு, காலையில உன்னை எழுப்பி விட ஒரு எதிரி வேணும்லா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரஜிதாவிடம் திரும்பினாள்.

"வீடியோவை அழிச்சிரு. வெளிய மூச்சு விடக் கூடாது."

பிறகு ஹேங்கரை சுடலைமணியிடம் நீட்டினாள்.

"பழைய இடத்துலயே மாட்டுங்க அண்ணாச்சி. அடுத்த ஓணமும் வருதுல்ல."