டேஷ்போர்டுக்குப் பின்னால்

குளிர்ந்த காலைகளில் காரைக் கிளப்பும்போதெல்லாம், டேஷ்போர்டுக்குப் பின்னால் யாரோ தண்ணீர் குடிப்பதுபோல் மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. கணவர் இறந்தபின் வந்த முதல் குளிர்காலம். மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவள் மெக்கானிக்கிடம் போனாள்.

"ஹீட்டர் குழாய்ல காத்து புகுந்திருக்கும் அக்கா. கூலன்ட் தண்ணி ஊத்தினா வாயை மூடிக்கும்."

பானெட்டைத் திறந்தவர் தலையைச் சொறிந்தார். கூலன்ட் நிறைந்திருந்தது. ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களும் அடைக்கப்பட்டிருந்தன.

"அட, ஒழுகுதுன்னு அண்ணன் இருந்தப்போ சொல்லி, போன வருஷம் நான்தான் அடைச்சேன். உள்ள ஒரு சொட்டு போக வழியில்லையே!"

எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"பிரேக் குழாய் அறுந்து போற நிலைமையில இருக்கு அக்கா. பாப்பாவை வெச்சுக்கிட்டு அந்தப் பள்ளிக்கூட இறக்கத்துல... சாமி! அந்தச் சத்தத்துக்கு ஒரு கும்பிடு போடுங்க."

குழாயை மாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலையிலும் சத்தம் கேட்டது. சாவியைத் திருகிவிட்டு நிதானமாகத் தண்ணீர் குடித்த பிறகுதான் கணவர் வண்டியை எடுப்பார். "கடலைக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் கிளம்புவீங்களா?" என்று தினமும் கடிந்துகொண்டவள் அவள்.

"லேட்டாகுதும்மா," என்றாள் பின்னாலிருந்து மகள்.

"இருடி கண்ணு."

ஸ்டியரிங்கில் கைவைத்தபடி காத்திருந்தாள்.

"மெதுவாவே குடிங்க," என்றாள், மகளுக்குக் கேட்காதபடி.

சத்தம் நின்ற பிறகுதான் கியரைப் போட்டாள்.