பிடி சரியில்லாத கத்தி

மூன்றாவது கத்தியையும் எல்பிதியோ மேஜைமேல் திருப்பி வைத்தபோது நெலிதாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"வழுக்குதும்மா," என்றார் அவர்.

நெலிதா அடித்த கத்தியை விக்டோரிகா வட்டாரத்தில் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. காட்டுப்பன்றி வேட்டைக்காரர்கள் அவள் பட்டறை வாசலில் காத்துக்கிடந்து வாங்கிப்போவார்கள். நாய்கள் பன்றியை மடக்கிப் பிடித்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், கிட்டே போய் ஒரே குத்தில் காரியத்தை முடிக்க வேண்டும். கத்தி காலை வாரினால் ஆள் பிழைப்பது கஷ்டம். அதனால் பிடி விஷயத்தில் அவள் மயிரிழைகூட விட்டுக்கொடுக்க மாட்டாள்.

எல்பிதியோ வேண்டாமென்று வைத்துவிட்டுப் போன முதல் இரண்டு கத்திகளும் உடனே விற்றுப்போயிருந்தன. வாங்கியவர்கள் பார்க்கிற இடத்தில் எல்லாம் அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

இவருக்கு மட்டும் ஒன்றும் பிடிக்கவில்லை. தொலைவிலுள்ள தாந்தில் நகரம்வரை போய், கண்ணில் பட்ட கொல்லர்களிடம் எல்லாம் கத்தி பார்த்துவிட்டு, கடைசியில்தான் இங்கே வந்திருந்தார். மகனுக்குப் பெண் பார்க்கப் போனால்கூட இத்தனை நொட்டை சொல்லமாட்டார் என்று ஊரில் சிரித்தார்கள்.

அன்றைக்குத்தான் நெலிதா அவர் கையைச் சரியாகக் கவனித்தாள். மோதிர விரலையும் சுண்டு விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மிச்ச விரல்களால் மட்டும் கத்தியைப் பிடித்துப் பார்த்தார்.

"வழுக்காம என்னண்ணே செய்யும்? இறுக்கிப் பிடிக்கிறதே அந்த ரெண்டு விரல்தான். அதை மடக்கி வெச்சுக்கிட்டு என் கத்தியைக் குறை சொல்றீங்க. இதென்ன பீங்கான் கோப்பையா, நோகாமப் பிடிக்க?"

அவர் கோபப்படவில்லை.

"என் பழக்கம் அப்படி. இந்தப் பிடிக்குத் தகுந்த மாதிரி உன்னால அடிக்க முடியுமா, முடியாதாம்மா?"

முடியாதா என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. போய்விட்டு இந்த அடைமழை விட்டதும் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அப்புறம் அவளும் அந்த இரண்டு விரல்களை மடக்கிக்கொண்டுதான் வேலை செய்தாள். எடையை முன்பக்கம் தள்ளினாள். ஆள்காட்டி விரல் பதிய ஆழமாக ஒரு பள்ளம் எடுத்தாள். மான்கொம்பின் அடிக்கட்டையைப் பிடியாகப் போட்டு, பின்பக்கம் உள்ளங்கையில் அமர்ந்துகொள்கிற மாதிரி ஒரு மேடு வைத்தாள். பக்கத்துக் கசாப்புக் கடையில் தொங்கிய பன்றித் தொடையில் குத்திப் பார்த்தாள். கத்தி கைக்குள் அசையவில்லை. பார்க்க விகாரமாகத்தான் இருந்தது. ஆனால் இதைவிட நல்ல கத்தியைத் தான் செய்ததில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

மழை விட்டதும் வந்த எல்பிதியோ விரல்களை மடக்கிப் பிடித்து, காற்றில் ஒருமுறை குத்தினார். முகம் மலர்ந்துவிட்டது. இதுதான், இதுதான் என்றார்.

உறை இன்னும் தைத்து முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்காரர்கள் விருந்துக்கு நானே கொண்டுவந்து தருகிறேன் என்றாள். அவர் கொஞ்சம் தடுமாறினார். அவ்வளவு தூரம் எதற்கு, உறையைப் பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அவள் விடுவாளா? இத்தனை நாள் படுத்தியெடுத்தவர் நாலு பேர் முன்னால் மெச்சுவதைக் காதால் கேட்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை உறையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மரத்தடியில் நெருப்பைச் சுற்றி இறைச்சி வெந்துகொண்டிருந்தது. புகைக்கு அந்தப் பக்கம் எல்பிதியோவின் குரல் கேட்டது.

"பெரிய கைகாரின்னு நம்பி அந்த நெலிதாகிட்ட வாங்கினேன்டா. அவளுக்குப் பிடி போடவே தெரியல. என் கையில நிக்கமாட்டேங்குது. உனக்கு ஆகுமான்னு பாரு, காசியானோ. இல்லேன்னா குப்பையில போடு."

நெலிதாவுக்குக் காது கொதித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று புகையைத் தாண்டிப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எல்பிதியோ நீட்டிய கத்தியை வாங்கிய மனிதரின் வலது கையில் மோதிர விரலும் இல்லை, சுண்டு விரலும் இல்லை.

காசியானோவைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள். போன குளிர்காலத்தில் பன்றியிடம் விரல்களைப் பறிகொடுத்தவர். அதன்பிறகு நாய்களோடு காட்டுக்குள் போகவில்லை. நண்பர்கள் வேட்டையில் பங்கு கொடுத்தனுப்பிய இறைச்சியைக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

கத்தி அவர் கையிலேயே முளைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. மணிக்கட்டைத் திருப்பினார். முன்னால் குத்தி இழுத்தார். மறுபடி குத்தினார். கூன் போட்டு உட்கார்ந்திருந்தவரின் முதுகு நிமிர்ந்தது. பக்கத்தில் படுத்திருந்த நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

பிறகு சட்டென்று அவர் முகம் இறுகியது.

"எல்பிதியோ, உண்மையச் சொல்லு. எனக்குன்னு சொல்லிச் செஞ்சதா? பாவம் பாத்துக் குடுக்கிறதா இருந்தா நீயே வெச்சுக்க."

அவர் பதில் சொல்வதற்குள், கூட்டத்தில் ஒருவர் நெலிதாவைப் பார்த்துவிட்டார். செய்தவளே வந்துவிட்டாள், அவளையே கேட்டால் போகிறது என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். அத்தனை பேரும் அவளிடம் கத்தி வாங்குகிறவர்கள். எல்பிதியோ அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இவன் சொல்றது நிஜமா?" என்று கேட்டார் காசியானோ.

நெலிதா உறையை அவர் மடியில் வைத்தாள்.

"நிஜந்தாங்க. பிடி போடறதுல எனக்குத்தான் கை தவறிப்போச்சு. தூக்கிப் போட மனசு வராம, இவர் தலையில கட்டிட்டேன்."