பனிக்குப் போன மச்சான்

“எதுக்கு மச்சான் பொம்மை விமானத்துல என் போன் நம்பரை எழுதுறீங்க?”

“இதுக்கு ரிமோட்டா இருக்கு, திருப்பிக் கொண்டாற? கையை விட்டா காத்து தூக்கிட்டுப் போற எடத்துல போய் விழும். எடுக்குறவங்களுக்கு யாருகிட்ட குடுக்கணும்னு தெரிய வேணாமா?”

“அப்ப உங்க நம்பரை எழுதுங்க.”

“என் நம்பரு ஊருக்கு ஊரு மாறும். நீ மாறுவியா?”

மர்ஜியா சிரித்தாள். லப்பைக்குடிக்காட்டில் தவ்ஹீத் பெட்டி கட்டிய அன்று கணவனுக்கும் மனைவிக்கும் நடந்த பேச்சு அது. ஊரில் பாதிப் பேர் துபாய்க்கும் சவூதிக்கும் போனவர்கள். கனடாவுக்கென்று கிளம்பியவன் அவன் ஒருவன்தான். “எல்லாரும் மணலுக்குப் போறாங்க, எங்க மச்சான் பனிக்குப் போறாரு” என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டக் கை வளையல்களைக் கழற்றிக் கொடுத்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கார் ஏறும்போது அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கணும் மச்சான்.”

“கேளு.”

“இல்ல... போயிட்டு வாங்க. அப்புறமாக் கேட்டுக்குறேன்.”

மூன்று மாதம் ஓடிவிட்டது. அவள் என்ன கேட்க வந்தாள் என்று யோசித்தபடி தவ்ஹீத் கணுக்கால் வரை வெள்ளையில் புதைந்து நின்றான். கொட்டகைக் கூரை, வேலிக் கம்பி, மரத்து இலைகள், எல்லாம் வெளுத்துக் கிடந்தன. குல்லாவும் மஃப்ளரும் கனத்த ஜாக்கெட்டும் போட்டிருந்தான்.

“கையைக் கொஞ்சம் தேய்ச்சுக்கிட்டு நில்லுங்கண்ணே, படம் நல்லா வரும்” என்றான் சாமிதுரை. கூட வேலை பார்த்து, ஒரே அறையில் தங்கியிருப்பவன். செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

முந்தின நாள் போனில் மர்ஜியாவின் குரல் உடைந்திருந்தது. “கல்யாண வூட்டுல வச்சு உங்க அக்கா கேக்குறாங்க மச்சான், பனிக்குப் போனவன் ஒரு படம்கூட அனுப்பலையே, அங்க குச்சி ஐஸ் விக்கிறானான்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க. ஒரே ஒரு தடவை பனியில விமானம் விட்டு அனுப்புங்களேன்.”

பெட்டிக்கு அடியில் அவளுடைய பழைய துப்பட்டாவில் சுற்றி வைத்திருந்த விமானத்தை எடுத்தான். தக்கை போன்ற மெல்லிய கட்டையில் செய்தது. இறக்கைக்குப் பட்டுப்போன்ற தாளை ஒட்டியவள் அவள்தான். மூக்கிலிருந்த காத்தாடியைத் திருகி, உள்ளே இருந்த ரப்பரை முறுக்கேற்றினான். காற்று அசையாமல் நின்ற நொடியில் கையை விட்டான்.

“பாரு மர்ஜியா, பனி!” என்று கத்தினான். அடுத்த வார்த்தை வருவதற்குள் இருமல் பிடுங்கியது.

விமானம் ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். பிறகு என்ன நினைத்ததோ, மேலே ஏறி வேலியைத் தாண்டி, மரங்களுக்கு அப்பால் சின்னப் புள்ளியாகி மறைந்தது.

ஓடப் பார்த்தவனை வேலைக்கான மணி நிறுத்தியது.

“விடுங்கண்ணே, வேற ஒண்ணு செஞ்சுக்கலாம்.”

“அவ ஒட்டுன பேப்பருடா அது” என்றான் தவ்ஹீத். ஜாக்கெட்டைக் கழற்றியபோது முதுகோடு சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

வீடியோவை உடனே அனுப்பவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் அனுப்பினான். ‘இங்க இப்பத்தான் விடியுது’ என்று அவளிடம் தினமும் சொல்லும் நேரம் அது.

“உங்க அக்கா மூஞ்சியப் பாக்கணுமே!” என்று மர்ஜியா சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவன் நான்கு நாள் ஓட்டினான்.

ஐந்தாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவதே கிடையாது. தவ்ஹீத் மெஷின் சத்தம் கேட்காத மூலைக்கு ஓடினான்.

“என்னம்மா, யாருக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல மச்சான். விமானம் கெடச்சிருச்சு.”

“எந்த விமானம்?”

“பனியில விட்டீங்களே, அது. நம்பரைப் பாத்துட்டு ஒரு அம்மா போன் பண்ணுச்சு.”

“இங்கிலீஷ்லயா பேசுனாங்க?”

“பேரு பச்சையம்மாளாம்.”

தவ்ஹீத் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“செந்துறையில சுண்ணாம்புக் கம்பெனிக்குப் பின்னால சுள்ளி பொறுக்கப் போன எடத்துல மரத்துல மாட்டிக்கிட்டுக் கெடந்துச்சாம். ரெக்கையத் தொட்டா கையெல்லாம் சுண்ணாம்புன்னுச்சு.” மர்ஜியா மூச்சை இழுத்துவிட்டாள். “ஏஜென்ட்டு ஏமாத்திட்டானா மச்சான்?”

தவ்ஹீத் முகத்தைத் துடைத்தான். கன்னத்தில் ஈரம் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் குழம்பாகி எரிந்தது.

“வளையலை நெனச்சுத்தானே ஒளிஞ்சுக்கிட்டீங்க? அதைப் போட்டுக்கிட்டு நான் யாருக்குக் காட்டப் போறேன்?”

மறுபடியும் இருமல் வந்தது. அது அடங்கும் வரை அவள் காத்திருந்தாள்.

“அன்னைக்குக் காருகிட்ட, போகாதீங்கன்னு கேக்க வந்து முழுங்கிட்டேன். இப்பக் கேக்கவா?”

“கேளு...”

“செந்துறையிலேர்ந்து நம்மூருக்கு ரெண்டு பஸ்தான், வூட்டுக்கு வந்துடுங்க மச்சான்.”