வைக்காத புள்ளி

அதிகாரிகள் கடலின் வரைபடத்தை விரித்து, மீன் கிடைக்கும் இடங்களில் மீனவர்களைப் புள்ளி வைக்கச் சொன்னார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்ததால், தன் ஊரே பிழைக்கும் கடலடிப் பாறையை மட்டும் சிலுவைதாசன் விட்டுவிட்டான். அதைப் பிறருக்குக் காட்டுவது வழக்கமில்லை.

இறுதி வரைபடத்தில் அந்தப் பாறையின்மேல் காற்றாலைக்கு ஒதுக்கிய இடமென்று மஞ்சள் பூசியிருந்தது.

"யாரும் போகாத இடமாப் பார்த்துத்தான் கொடுத்தோம்," என்றார் அதிகாரி.

மச்சான் மிக்கேல் கொதித்தான். "நம்ம பாறைல புள்ளி வச்சியா இல்லியாடே?"

"வச்சேன்," என்றான் சிலுவைதாசன், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"அப்ப இவனுவதான் அழிச்சிருக்கானுவ!" மிக்கேல் அதிகாரியின் சட்டையைப் பிடித்தான்.

"எந்த இடம்? காட்டுங்க, இப்பவே மாத்திடலாம்," என்றார் அதிகாரி.

பக்கத்து ஊர்க்காரர்கள் மறுபடியும் எட்டிப் பார்த்தார்கள். சிலுவைதாசனின் உள்ளங்கை அந்த மஞ்சளை மூடிக் கிடந்தது. அவனால் கையை எடுக்க முடியவில்லை.