உப்பு கம்மி

தையல்காரருக்கு உணவுக்குழாய் அடைத்து எட்டு நாளாயிற்று. எச்சில்கூட உள்ளே இறங்கவில்லை. மூன்றாம் முயற்சியில்தான் அவர் மூக்கு வழியாகக் குழாயை வயிற்றுக்கு இறக்க முடிந்தது. அதற்குள் நர்ஸம்மாவுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. மூன்று மணிக்குத்தான் டப்பாவைத் திறந்தாள். ரத்தக்கொதிப்புக்காரக் கணவர் உப்பை எண்ணிப் போட்டுக் கட்டிய சோற்றையும் கேரட்டையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். பசி அப்படியே இருந்தது. அலுப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

நான்கு மணிக்குக் குழாயில் பால் ஊற்றுவதற்கு முன், வயிற்றில் ஏதாவது இருக்கிறதா என்று சிரிஞ்சால் இழுத்துப் பார்த்தாள். மென்ற கேரட் வந்தது.

“இப்ப பால் வேண்டாம்மா, வயிறு நிறைஞ்சிருக்கு,” என்றார் தையல்காரர். “உப்புதான் கொஞ்சம் கம்மி.”

இதை எழுதி வைத்தால் அப்புறம் யார் கட்டிக்கொண்டு அழுவது? குறிப்பேட்டில் ‘வயிற்றில் மிச்சம் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். இரண்டு வாரத்தில் அவருக்கு மூன்று கிலோ ஏறியிருந்தது. டாக்டர் அவளைத்தான் பாராட்டினார்.

“உங்க சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சேம்மா,” என்று தையல்காரர் வருத்தப்பட்டார். “வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா பிடிச்சுத் தரேன்.”

அடுத்த நாள் காலை, டப்பாவை மூடப்போன கணவரிடம், “இன்னும் கொஞ்சம் உப்பு போடுங்க,” என்றாள்.

“உனக்குத்தான் உப்பு தூக்கலா இருந்தா பிடிக்காதே?”

“எனக்கில்ல,” என்று சொல்லி, டப்பாவை வாங்கிக்கொண்டு பசியோடு கிளம்பினாள்.