எட்டாவது படிவம்

அன்று மகளிர் குழுக் கட்டடத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர். நர்ஸ் ஹெலன். செங்கல்பட்டிலிருந்து கணக்கெடுக்க வந்த நிதின். பெரியவர்கள் ஏழு: சாலமோன், ஆபிரகாம், லட்சுமணன், சதாசிவம், காசியம்மாள், சந்திரம்மா, கடைசி நாற்காலியில் ஜெபசிங்காகிய நான்.

நிதின் கொண்டுவந்த படிவம் எட்டு. எண்ணிவிட்டேன்.

முப்பத்தொரு வருஷம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் லாரி எண்ணியவன் நான். படித்தது எட்டாவது. பேச்சு வராது, எண்ணிக்கை தப்பாது. அன்றும் ஐந்தாவது திருக்கழுக்குன்றம் பஸ் போனதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

"வயசானவங்க மனநலத்துக்கு அரசாங்கம் திட்டம் போடுது," என்றார் நிதின். "இந்த ஊர்ல ஆறு பேராவது தனிமையா இருக்கோம்னு எழுதினா, செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு ஆலோசகர் இங்கயே வருவாங்க. எல்லாரும் உக்காந்து பேசலாம், டீ குடிக்கலாம். ஆறுக்குக் குறைஞ்சா அவங்க வேற ஊருக்குப் போயிடுவாங்க."

கேள்வி ஒன்றுதான். தனிமை உண்டா? உண்டு என்றால் காரணம் எழுத வேண்டும்.

நான் 'இல்லை' என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போட்டேன்.

"இன்னா அண்ணாத்த, அதுக்குள்ள முடிச்சிட்ட?" என்றான் சாலமோன்.

"எனக்கு இன்னா கொறச்சல்?"

"அதான, உனக்கு இன்னா கொறச்சல்," என்றாள் காசியம்மாள். தலை நிமிரவில்லை.

"எல்லாத்தையும் வாங்கி எண்ணிக் குடுங்க ஐயா," என்றார் ஹெலன்.

எண்ணத்தான் சொன்னார். நான் படிக்கவும் செய்தேன். ஆறு பேரும் 'உண்டு' என்று எழுதியிருந்தார்கள்!

முதல் தாள் சாலமோனுடையது. காரணம் என்ற இடத்தில், 'மனைவி இறந்துவிட்டாள்' என்று ஆரம்பித்திருந்தான். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"தம்பி, இத அடிச்சிடுங்க. இவன் பொண்டாட்டி காலையிலகூட குழாயடியில மீன் கழுவிகினு இருந்தா. வூட்ல ஏழு பேரு. நிம்மதியா படுக்க எடமில்லன்னு தெனமும் என்கிட்ட பொலம்புறவன் இவன்!"

சாலமோன் தரையைப் பார்த்தான். நிதின் சங்கடமாகச் சிரித்தார்.

"இத அடிச்சா அஞ்சு ஆயிடும் ஐயா. செவ்வாய்க்கிழமை உங்களுக்கு இல்ல."

"போவட்டும். கணக்கு கணக்குதான்."

சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அதே வேகத்தில் அடுத்த தாளை எடுத்தேன். காசியம்மாளுடையது.

'போனில் ராங் நம்பர் வந்தாலும் விடாமல் பத்து நிமிஷம் பேசுகிறேன்.'

"காசியம்மா, உனக்கு ஏது போனு?"

"படிச்சது படிச்சிட்ட நைனா, அடுத்ததையும் படி."

அடுத்தது ஆபிரகாம் சொல்லச் சொல்ல சந்திரம்மா எழுதிக் கொடுத்தது. 'பொழுது போகாமல் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து திருக்கழுக்குன்றம் பஸ்ஸை எண்ணுகிறேன். ஒரு நாளைக்குப் பதினேழு.'

ஆபிரகாமுக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதிரே பஸ் வந்து நின்றால் சுவர் என்று நினைப்பான். அவனாவது, எண்ணுவதாவது! அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

மூடிக்கொண்டேன்.

பதினேழு என்பது சரியான எண்ணிக்கை. ஊரில் அதை எண்ணுகிறவன் ஒருத்தன்தான்.

சாலமோனின் தாளை மறுபடி எடுத்து, விட்ட இடத்திலிருந்து படித்தேன். 'பதினான்கு மாதம் ஆகிறது. இன்னும் காலையில் இரண்டு டம்ளர் டீ போடுகிறேன். ஒன்றை சாக்கடையில் கொட்டுகிறேன்.'

என் வீட்டுச் சாக்கடை சாலமோன் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது.

 தாளை மடியில் வைத்தேன்.

"நீ இல்லன்னுதான் எழுதுவன்னு தெரியும் அண்ணாத்த," என்றான் சாலமோன். "ஒரு ஆளு மட்டும் எழுதனா செவ்வாக்கெயம வராது. நர்ஸம்மா இத முன்னாடியே சொன்னாங்க, அதான் உன்ன நாங்க ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சிக்கினோம்."

"எனக்குப் பஸ்ஸு வந்துச்சு," என்றான் ஆபிரகாம், நான் இல்லாத திசையைப் பார்த்து.

நிதின் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன ஐயா, தப்பா இருக்கறத அடிச்சிடலாமா?"

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு லாரியைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை.

"ஒண்ணும் தப்பில்ல தம்பி," என்றேன். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காங்க."

பிறகு என் தாளை உருவி, கோடு போட்ட இடத்தோடு சேர்த்துக் கிழித்தேன்.

"அந்த எட்டாவது படிவத்தக் குடுங்க."

தனிமை உண்டா என்ற இடத்தில் 'உண்டு' என்று எழுதினேன். இந்த முறை கோடு போடவில்லை. காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மற்ற மூன்று தாள்களையும் புரட்டிப் பார்த்தேன். யாருக்கும் தெரியாது என்று நான் வைத்திருந்த காரணங்கள் மொத்தம் ஆறு.

ஆறு பேர் எழுதியது போக மீதி: பூஜ்யம்.